மாடு நொண்டுகிறதா? காலோடு வாயையும் கவனியுங்கள்

மாடு நொண்டினால் சுளுக்கு என்று எண்ணி, எண்ணெய் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். நான்கு குளம்புகளையும் கழுவிப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும்.

குளம்பு அழுகல்: சேறும் சாணமும் தேங்கிய தரையில் நிற்கும் மாடுகளுக்கு வரும். முள், கல் கிழித்த காயம் வழியாகப் பாக்டீரியா நுழைகிறது. பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் குளம்பிடுக்கு வீங்கி, துர்நாற்றம் வீசும்.

கோமாரி: இது வைரஸ் நோய். கடும் காய்ச்சலுடன் வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் தோன்றும். எச்சில் நூலாக ஒழுகும்.

குளம்பு அழற்சி: சோறு, அரிசி, மாவு அளவுக்கு மீறித் தின்றால் வயிற்றில் அமிலம் பெருகும். அதனால் குளம்பின் உட்பகுதி பாதிக்கப்பட்டு, மாடு அடியெடுத்து வைக்கவே தயங்கும்.

குளம்பு நீளுதல், மூட்டு வீக்கம்: எப்போதும் கட்டியே வைப்பதால் குளம்பு தேயாமல் வளரும். வெறும் சிமெண்ட் தரையில் படுப்பதால் மூட்டு வீங்கும். வைக்கோலோ ரப்பர் விரிப்போ போடுங்கள்.

மழைக்காலத்தில் குளம்பு அழுகலைத் தடுக்க, லிட்டருக்கு 50 கிராம் மயில்துத்தம் கரைத்த நீரில் மாடுகளின் குளம்புகளை நனையவிடலாம். அந்த நீரை மாடு குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நொண்டலோடு எச்சிலும் ஒழுகினால் மாட்டைத் தனியே கட்டுங்கள். மேய்ச்சலுக்கோ சந்தைக்கோ ஓட்ட வேண்டாம். பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்ட வேண்டாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். கோமாரி ஒரு கொட்டிலோடு நிற்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போடுவதே அதற்குப் பாதுகாப்பு.