கூண்டு ஏறிய கதை

ஐப்பசி பிறந்துவிட்டால் தமிழ்ச் செய்தித்தாள்களில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: பாம்பன் துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. ஊரும் எண்ணும் மாறும், வரி மாறாது. பேரிடர் மேலாண்மை என்ற துறை வந்தபின் எத்தனையோ கலைச்சொற்கள் அரசாணைகளில் ஏறிவிட்டன. அவற்றில் ஒன்றுகூட இந்தக் கூண்டு அளவுக்கு மக்கள் வாயில் புழங்கவில்லை. இந்த அளவுக்குத் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட சொல்லும் வேறில்லை.

தொடரில் உள்ள மூன்று சொற்களும் மூன்று வழியாக வந்தவை. பழம்பாடல்களில் புயல் என்றால் மேகம். மழை தரும் முகிலைத்தான் புலவர்கள் அப்படி அழைத்தார்கள். மரத்தைச் சாய்க்கும் காற்றுக்கு அந்தப் பெயர் பிற்பாடுதான் நிலைத்தது. எச்சரிக்கை தெலுங்கு வழியே வந்தது. அரசரோ சாமியோ எழுந்தருளும்போது அடி பார்த்து வைக்கும்படி குரல் கொடுக்கும் உபசாரச் சொல் அது. கூண்டு மட்டும் நம் வீட்டுச் சொல். கூடு என்பதில் ஒரு மூக்கொலி சேர்ந்து பிறந்தது.

கூண்டு என்றதும் நமக்குக் கிளியும் புலியும் நினைவுக்கு வருகின்றன. புயலைப் பிடித்து எதற்குள் அடைக்கப்போகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பதில் தப்பில்லை. ஆனால் கூண்டுக்குச் சிறை என்பது ஒரு பொருள்தான். கூண்டு வண்டியில் யாரையும் அடைப்பதில்லை. மூங்கிலை வளைத்துக் கட்டி மேலே பாய் போர்த்திய கூரை அது. மணிக்கூண்டும் விளக்குக் கூண்டும் அந்த வகைதான். சட்டம் கட்டி எழுப்பிய உரு எதுவானாலும் கூண்டு. துறைமுகக் கம்பத்தில் ஏறியதும் அப்படி ஒரு சட்டம்தான் என்பதால், பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் பொருளைப் பார்த்தே வைத்திருக்கிறார்.

பொருள் வந்தது இங்கிலாந்திலிருந்து. டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் பிற்காலத்தில் அந்நாட்டு வானிலைத் துறையை நடத்தினார். 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தந்திக் கம்பிகள் அதற்குள் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தன. புயலைவிடத் தந்தி வேகமானது என்ற எளிய கணக்கை வைத்து, 1861-ல் துறைமுகங்களுக்கு எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார் ஃபிட்ஸ்ராய். தந்தி கிடைத்ததும் கம்பத்தில் கித்தான் போர்த்திய கூம்பும் உருளையும் ஏறும். கூம்பின் முனை மேல்நோக்கினால் வடக்கிலிருந்து பலத்த காற்று, கீழ்நோக்கினால் தெற்கிலிருந்து. கொடி ஏன் போதவில்லை? காற்று விழுந்தால் கொடி துவண்டுவிடும். பக்கவாட்டில் நிற்பவருக்கு வெறும் கோடாகத் தெரியும். கூம்போ எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் முக்கோணம். அவர் இறந்த மறு ஆண்டு, இதில் அறிவியல் போதாது என்று எச்சரிக்கையை நிறுத்திவிட்டார்கள். கடலோடிகள் விடவில்லை, திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் 1864 அக்டோபர் 5-ல் கல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே அத்துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை வந்தது. துறைமுகத்துக்கு ஒரு விதமாக இருந்த குறிகள் 1898-ல் நாடு முழுவதற்கும் ஒன்றாயின. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள், 1 முதல் 11 வரை எண்கள்.

இந்த எண்களில்தான் குழப்பம். நாம் அவற்றை ஏணிப்படியாக வாசிக்கிறோம்: ஐந்தைவிட ஆறு மோசம், ஆறைவிட ஏழு மோசம். உண்மையில் 5, 6, 7 மூன்றும் ஒரே வலிமையுள்ள புயலைக் குறிப்பவை. புயல் போகும் பாதைக்குத் துறைமுகம் இடப்புறம் இருந்தால் 5, வலப்புறம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடந்தால் 7. கடும்புயலுக்கு அதே வரிசையில் 8, 9, 10. முதல் இரண்டு எண்களும் துறைமுகத்தைப் பற்றியவையே அல்ல. தொலைக்கடலில் ஒன்று உருவாகிறது, புறப்படும் கப்பல் பார்த்துப் போகட்டும் என்பதுதான் சேதி. ஒடிசாவுக்குப் போகிற புயலுக்கும் பாம்பனில் கூண்டு ஏறுவது இதனால்தான். மூன்றும் நான்கும் வந்தால்தான் பேச்சு துறைமுகத்துக்குத் திரும்புகிறது.

இடமா வலமா என்பதில் அப்படி என்ன இருக்கிறது? நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுழலும். கிழக்கேயிருந்து மேற்கு நோக்கிக் கரையேறும் புயலுக்கு வலப்புறம் என்றால் வடபக்கம். அங்கே கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் கொண்டல் காற்று அலையை ஊருக்குள் தள்ளும். இடப்புறமாகிய தென்பக்கத்தில் தரையிலிருந்து கடலுக்குக் காற்று. நீர் ஏறுவதற்குப் பதில் உள்வாங்குவதும் உண்டு. நங்கூரமிட்ட கப்பலை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவது என்பதே மாலுமிக்குக் கவலை. ஆக, 5-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடு காற்றின் திசை. கொண்டல், வாடை, சோழகம், கச்சான் என்று காற்றைத் திசைவாரியாகப் பெயரிட்டு அழைக்கும் கரையோர மக்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினமே அல்ல. செய்தி எழுதுகிறவர்கள் எண்ணை மட்டும் கொடுத்து, பக்கத்தில் ‘உச்சபட்ச’ என்றோ ‘அபாய’ என்றோ ஒரு அடைமொழி சேர்த்துவிட்டால் கதை அங்கேயே கெட்டது.

11-க்கு நேரும் கதி இன்னும் வேடிக்கை. பத்தையும் மிஞ்சிய பிரளயம் என்று நினைக்கத் தோன்றும். புயலின் வலிமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். தந்திக் கம்பியை நம்பிப் பிறந்த முறை, கம்பி அறுந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு குறி வைத்திருந்தது.

கரையிலிருப்பவர்களுக்கு இப்போது பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிற எச்சரிக்கை தனியே வருகிறது. கப்பல்களுக்கு வானொலியும் செயற்கைக்கோளும் இருக்கின்றன. கம்பத்தை அண்ணாந்து பார்த்து முடிவெடுக்கும் தலைவர் இன்று அரிது. ராமேசுவரத்தில் விசைப்படகுக்காரர் கடலுக்குப் போக மீன்வளத் துறையிடம் அனுமதி டோக்கன் வாங்க வேண்டும். அன்றைக்கு டோக்கன் இல்லை என்று சொல்லிவிட்டால் படகு நகராது, கம்பத்தில் என்ன தொங்கினாலும் சரி.