பதினெட்டாம் வயதில்: அங்கே ஒரு கூட்டம், இங்கே ஒரு சான்றிதழ்

கார்த்திகைக்கு முந்தைய வாரம் ஒரு சிறப்புப் பள்ளியின் தொழிற்பயிற்சிக் கூடத்தில் நின்றிருந்தேன். இருபதைத் தாண்டிய இளைஞன் ஒருவன் அகல் விளக்குகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசிக்கொண்டிருந்தான். விளிம்பில் ஒரு சொட்டு வழிந்தாலும் துடைத்துவிட்டு மறுபடி பூசுகிற கை. “ஏழு வயசுல வந்தான் சார்” என்றார் ஆசிரியை. அடுத்து எங்கே போவான் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் அந்தக் கேள்வியைச் சட்டமே கேட்டுவிடுகிறது. அங்கே சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதுகிறார்கள். 16 வயதுக்குள் அதில் வேலை, மேற்படிப்பு பற்றிய இலக்குகள் வந்தாக வேண்டும். அதைப் பேசும் கூட்டத்துக்கு மாணவரையும் அழைத்தாக வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் 18 வயதானதும் கல்வி பற்றி முடிவெடுக்கும் உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மாறும். அதை ஓராண்டு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்.

நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கஞ்சத்தனமானது அல்ல. 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி, உயர்கல்வியில் 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீதம் என்று தருகிறது. தொழிற்பயிற்சிக்கும் ஒரு பிரிவு உண்டு. ஆனால் இந்தப் பையனுக்கு, இந்த வயதில், இன்னார் உட்கார்ந்து பேச வேண்டும் என்று எங்கும் கட்டளை இல்லை. பள்ளி வாசலுக்கும் நேர்முகத் தேர்வு அறைக்கும் நடுவே உள்ள தூரத்தை அவன் வீடுதான் கடக்க வேண்டும்.

வீடு அந்த வயதில் வேறொன்றுக்காக அலைந்துகொண்டிருக்கும். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 முடிந்ததும், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் சான்றிதழ் வாங்கலாம். கலெக்டர் தலைமையிலான குழு அதைத் தரும். ‘எங்களுக்கப்புறம் யாரு?’ என்று தூங்காமல் கிடக்கும் பெற்றோரை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அமெரிக்கப் பெற்றோரும் பாதுகாவலர் உரிமை கேட்டு நீதிமன்றம் போகிறவர்கள்தான். ஆனாலும் அங்கே பிள்ளையின் சொல்லுக்கு எடை கூடுகிற வயதில், இங்கே பல வீடுகளில் அப்பாவின் கையெழுத்து நிரந்தரமாகிறது.

வேலைக்குப் பழக்குவதற்கும் அங்கே ஒரு கதை உண்டு. 1996இல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு சிக்கல். சிரிஞ்சும் கையுறையும் பஞ்சும் அந்தந்த இடத்தில் நிரப்பி வைக்கும் வேலையில் யாரும் நிலைக்கவில்லை. அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களைப் பழக்கினால் என்ன என்று பொறுப்புச் செவிலியர் யோசித்தார். ‘பிராஜெக்ட் சர்ச்’ என்ற பயிற்சித் திட்டம் அங்கே பிறந்தது. ஒரு கல்வியாண்டு முழுக்க மருத்துவமனையே வகுப்பறை. ஏறக்குறைய பத்து வாரத்துக்கு ஒரு பிரிவாக மூன்று பிரிவுகளில் வேலை. எனக்கு இதில் பிடித்தது வேறு: தப்பாக அடுக்கினால் மேற்பார்வையாளர் நேராகச் சொல்லிவிடுவார். நம் பயிற்சிக் கூடங்களில் எதைச் செய்தாலும் ‘வெரி குட்’தான்.

2014இல் வந்த அமெரிக்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மறுவாழ்வுத் துறைக்கு வரும் மத்திய நிதியில் குறைந்தது 15 சதவீதத்தை மாணவர்களின் வேலை ஆயத்தத்துக்கே ஒதுக்கச் சொன்னது. தனக்காகத் தானே பேசக் கற்பதும், அதே பாதையில் போன இன்னொருவரின் வழிகாட்டுதலும் அந்தக் கணக்கில் சேரும்.

அதற்காக அந்த ஊர் சொர்க்கமில்லை. பள்ளி முடிந்ததும் உரிமையாக வந்த உதவி நின்று, தகுதி பார்க்கும் வரிசை தொடங்கிவிடும். 1938ஆம் ஆண்டின் கூலிச் சட்டம், மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்க வழி வைத்தது.

திட்டமே இல்லாத நம் ஊரில் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ‘இங்க வந்து உக்காருடா’ என்று கூப்பிட்டு, தாளை எண்ணவும் சில்லறை கொடுக்கவும் பழக்கிவிடுவார். தப்பினால் திட்டவும் செய்வார். வழிகாட்டி என்று அவருக்குப் பெயரில்லை. அவர் கடையை மூடினால் எல்லாம் முடிந்தது. சித்தப்பா இல்லாத பையனுக்கு அதுவும் கிடையாது.

அன்று ஆசிரியை விளக்குகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பெட்டியில் அடுக்கி மூடப் போனார். அந்த இளைஞன் எட்டி ஒரு விளக்கை மட்டும் வெளியே எடுத்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விளிம்பைத் திருப்பிக் காட்டினான்: நகக்கண் அளவுக்கு வர்ணம் விட்டுப்போயிருந்தது.