மலைக்கோட்டை நிழலில் – 9: ஹைதரின் ஊர்

1790இல் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் திண்டுக்கல் கோட்டையைப் பிடித்த கதையை இந்த வாரத்துக்கு வைத்திருந்தேன். அதற்கு முன் இடத்தைக் காலால் நடந்து பார்த்துவிடுவது நல்லது. காந்திகிராமத்துக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பழனிக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டிப் போகின்றன. பஸ் ஏறினால் அரை மணியில் வந்துவிடும் திண்டுக்கல்லை யாரும் சுற்றிக் காட்டுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுமுன் கிளம்புங்கள்.

முதலில் கோட்டை. 1605இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கியது. பாறைப் படிகளில் ஏறினால் மேலே கிடங்குகள், பீரங்கி, மூலவர் இல்லாத கோயில். ஊர் முழுக்கக் காலடியில் தெரியும்.

இறங்கியதும் பேகம்பூர். பெரிய பள்ளிவாசலில் அடக்கமாகியிருக்கும் அமீருன்னிசா பேகம், ஹைதர் அலியின் தங்கை. இங்கே கொஞ்சம் நின்றே ஆகவேண்டும். 1755இல் ஹைதர் திண்டுக்கல்லுக்கு பௌஜ்தாராக வந்தபோது அவர் மைசூர்ப் படையில் ஒரு தளபதி, அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்து இங்கே ஆயுதப் பட்டறை போட்டார், பீரங்கிப் படை திரட்டினார். 1761இல் மைசூரே அவர் கைக்குள் வந்தது. அந்த வலிமைக்கு அஸ்திவாரம் விழுந்தது நம் ஊரில்தான்.

பாளையக்காரர்களை அடக்க வந்தவர் அவர். ஆனால் 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த சிவகங்கை ராணி வேலுநாச்சியார், மகள் வெள்ளச்சியோடு அடைக்கலம் தேடி வந்தபோது கைகொடுத்தவரும் அவரே. ராணி உருதுவில் பேசியதைக் கேட்டு வியந்தார் என்பார்கள். 1780இல் சிவகங்கை மீண்டதில் ஹைதரின் படைக்குப் பங்குண்டு. இந்த ஒன்றுக்காகவே அவரை அன்னியர் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நாச்சியாருக்கு இடம் கொடுத்த இன்னொருவர் விருப்பாச்சி கோபால் நாயக்கர். கும்பினியை எதிர்த்துப் பாளையங்களை ஒன்றுசேர்த்த அவரை 1801இல் தூக்கிலிட்டார்கள். ஆங்கிலேயர் அவரைக் கலகக்காரர் என்றே எழுதினார்கள். எனக்கு அவர் தென்னாட்டின் முதல் வரிசை வீரர்.

ஆகவே நடையைக் கோட்டையோடு முடித்துவிடாதீர்கள். கோபாலசமுத்திரம் குளக்கரை வரை வாருங்கள். அவர் உயிர் பிரிந்த இடம் அதுதான் என்கிறார்கள் ஊரார். அந்தப் பெயர் யாருடையது என்று பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லுங்கள். ஸ்டூவர்ட்டின் படை அடுத்த வாரம் கோட்டை வாசலுக்கு வரும்.