விக்ரோறியா காலத்து ஆங்கிலக் கமத்தொழிலாளர்

விக்ரோறியா மகாராணியார் ஆட்சி செய்த 1837 முதல் 1901 வரையான காலத்தை ஆலைகளின் காலமென்றும் புகைவண்டியின் காலமென்றும் கூறுவது வழக்கம். ஆயினும், 1851 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி பிரித்தானியாவில் மிகப் பெருந்தொகையினர் ஈடுபட்டிருந்த தொழில் கமத்தொழிலேயாம். அவருட் பெரும்பாலார் சொந்த நிலமற்ற கூலியாளர். அவர்தம் வாழ்வை இக்கால உழைப்போடு ஒப்பிடுவோர், அன்று துன்பம், இன்று இன்பம் என எளிதில் முடிவு கட்டிவிடுதல் பொருந்தாது. மாறியது யாது, மாறாதது யாது என ஆராய்தல் வேண்டும்.

1850 – 51 இல் நாட்டைச் சுற்றி ஆராய்ந்த யேம்ஸ் கெயர்ட் என்பார், வாரக்கூலி வடபகுதிகளிற் சராசரி 11 சிலிங் 6 பென்ஸ் எனவும், தென்பகுதிகளில் 8 சிலிங் 5 பென்ஸ் எனவும் கணக்கிட்டார். வடக்கே சுரங்கங்களும் ஆலைகளும் ஆட்களை அழைத்தமையால், கமக்காரரும் கூலியை உயர்த்த வேண்டியவராயினர். தெற்கே அத்தகைய மாற்று வழி அரிதாயிருந்தது. கூலியை நிர்ணயித்தது உழைப்பின் கடுமையன்று, வேறிடஞ் செல்லும் வாய்ப்பே என்பது இதனாற் புலனாகும்.

வறியோரைத் தாபரிக்குஞ் செலவை, 1865 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, ஒவ்வொரு கோவிற்பற்றும் தனித்தனியே தாங்கவேண்டியிருந்தது. இச்சுமைக்கு அஞ்சிய நிலக்கிழார் பலர் தம் எல்லைக்குட் கூலியாளர் குடியிருக்க இடங்கொடாது குடிசைகளை இடித்தனர். அயற்கிராமங்களில் நெருங்கி வாழ்ந்த அவ்வேழைகள் பல மைல் நடந்து வயலுக்குச் சென்றனர். இந்நிலையிலேயே நோர்போக், லிங்கன்சயர் முதலிய கிழக்குப் பகுதிகளிற் கூலிக்கூட்ட முறை தழைத்தது. நம் நாட்டுத் தோட்டங்களிற் கங்காணி எனப்பட்டவனை ஒத்த ஒருவன், பெண்களையும் சிறுவரையும் திரட்டிப் பண்ணைதோறுங் கொண்டு சென்று, களை பிடுங்குதல், கல் பொறுக்குதல் ஆகிய வேலைகளை ஒப்பந்தமாக முடித்தான். பண்ணையில் அவன் பெற்றதற்கும் கூலியாகக் கொடுத்ததற்கும் இடைப்பட்டதே அவன் இலாபம். இக்கொடுமை வெளிப்பட்டபின், 1867 ஆம் ஆண்டுச் சட்டம் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கூட்டங்களிற் சேர்ப்பதைத் தடைசெய்தது. கங்காணி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் எனவும் விதித்தது.

தொழிலாளர் தாமும் வாளாவிருந்தாரல்லர். 1834 இல் ரொல்பட்டில் கிராமத்துக் கூலியாளர் அறுவர், சங்கம் அமைத்துச் சத்தியஞ் செய்தமைக்காக ஏழாண்டு நாடுகடத்தற் தண்டனை பெற்றனர். அவ்வச்சத்தையுங் கடந்து, 1872 இல் யோசப் ஆர்ச் என்னுங் கமத்தொழிலாளி வோரிக்சயரில் ஒரு மரத்தடியிற் கூட்டங்கூட்டினார்; அவ்வாண்டிலேயே நாடளாவிய சங்கம் பிறந்தது. 1874 இற் கிழக்குப் பகுதிக் கமக்காரர் சங்கத்தினரை வேலைக்கு ஏலாது கதவடைத்தமையால் அது நலிந்தது. எனினும் 1884 இற் கிராமத் தொழிலாளர் வாக்குரிமை பெற்றனர். மறுவருடம் ஆர்ச் பாராளுமன்றம் புகுந்தார்.

இன்றோ உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் பெருங்கூட்டத்தின் வேலையைச் செய்கின்றன. பிரித்தானியாவில் உழைப்போருட் கமத்தொழில் செய்வோர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே. ஆயினும் பழம் பறித்தற்கும் மரக்கறி கொய்தற்கும் மனிதர் கை இன்னும் வேண்டியிருக்கின்றது. அக்கைகளுட் பல பிறநாடுகளிலிருந்து பருவந்தோறும் வருவன. 2004 பெப்ருவரியில் மோர்க்கம் விரிகுடாவில், ஓர் ஆட்கூட்டியின்கீழ் இரவில் மட்டி பொறுக்கிய சீனத் தொழிலாளருள் 21 பேராவது கடற்பெருக்கில் மாண்டனர். கமத்தொழிலுக்கும் மட்டி பொறுக்கற்கும் ஆள் சேர்ப்போர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமென அவ்வாண்டே சட்டமியற்றப்பட்டது. 1867 இல் விதிக்கப்பட்டதை 137 ஆண்டுகளின் பின் மீண்டும் விதிக்க நேர்ந்தமை சிந்திக்கற்பாலது.

கருவி மாறின் வேலையின் தன்மை மாறும். உழைப்பாளியின் நிலை மாறுதற்கோ, வேறிடஞ் செல்லும் வாய்ப்பும், ஒன்றுகூடும் உரிமையும், சட்டத்தின் காவலும் வேண்டும். இவை குன்றிய இடத்து, இருபத்தோராம் நூற்றாண்டிலும் பழைய கூட்டமுறை தலைதூக்கும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.