முதல் டிக்காஷன் யாருக்கு?



இந்த மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று தலைவி அக்கா கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. "நான் பத்தாவது படிச்சவ. அடுப்படி தவிர எனக்கு என்னக்கா தெரியும்?" என்றேன். "மாசக் கூட்டம்னா எல்லாரும் உன் காப்பியைத்தானே கேக்குறாங்க. அதையே எழுது" என்றார். எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒரு டம்ளர் காப்பிக்குப் பின்னால் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்று தெரிந்தது. என் மாமியாரிடம் கேட்டேன். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என் அம்மாவிடம் கேட்டேன். மகளின் பள்ளிக்கூட நூலகத்தில் இருந்து புத்தகம் எடுத்து வரச் சொல்லிப் படித்தேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காப்பி வந்த கதை

நம் பாட்டிமார்களுக்குக் காலையில் காப்பி கிடையாது. ராத்திரி சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீரை உப்புப் போட்டுக் குடிப்பார்கள். அதுதான் நீராகாரம். இல்லையென்றால் கேப்பைக் கூழ், கம்மங்கூழ். சளி பிடித்தால் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கருப்பட்டியில் காய்ச்சுவார்கள். அதில் காப்பித்தூள் ஒரு துளிகூடக் கிடையாது. ஆனாலும் பின்னால் அதற்கும் சுக்கு காப்பி என்று பேர் வந்துவிட்டது. அந்த அளவுக்கு காப்பி என்ற சொல் நம்மிடம் ஒட்டிக்கொண்டது.

காப்பிச் செடி நம் நாட்டுச் செடி இல்லை. பாபா புதான் என்ற சூஃபிப் பெரியவர் மக்காவுக்குப் போய்த் திரும்பும்போது ஏமன் நாட்டில் இருந்து ஏழு காப்பிக் கொட்டைகளை மறைத்து எடுத்து வந்தார், கர்நாடகத்தில் சிக்மகளூர் பக்கத்து மலையில் அதை நட்டார் என்று ஒரு கதை உண்டு. முந்நூறு வருஷத்துக்கு முந்திய காலத்தைப் பற்றிய கதை அது. அந்த மலையை இன்றைக்கும் அவர் பேரால்தான் சொல்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் ஏற்காட்டில் காப்பி வைத்தார். பிறகு நீலகிரியிலும் பழனி மலையிலும் தோட்டங்கள் வந்தன. அப்போது விளைந்த கொட்டையில் பெரும்பகுதி கப்பலேறி வெளிநாட்டுக்குப் போனது.

நம் வீடுகளுக்குள் காப்பி வந்து சுமார் நூறு, நூற்றிருபது வருஷம்தான் இருக்கும். முதலில் பட்டணத்தில் வசதியான வீடுகளுக்கு வந்தது. காப்பி உடம்புக்குக் கேடு என்று கண்டித்து எழுதியவர்களும் அப்போது இருந்தார்கள். வரலாற்று ஆசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி தன் புத்தகம் ஒன்றுக்கு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றே பேர் வைத்திருக்கிறார். காப்பி வசதியானவர்களின் பானமாகவும் டீ உழைக்கிறவர்களின் பானமாகவும் இங்கே பிரிந்துபோனதை அதில் சொல்கிறார். ஊருக்கு ஊர் காப்பி கிளப் வந்தது. அங்கேயும் யார் எங்கே உட்காரலாம், யார் உள்ளேயே வரக்கூடாது என்று சாதி பார்த்தார்கள்.

அத்தை குடித்த முதல் காப்பி

இதை எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "நடந்ததைத்தானே எழுதுற, எழுது" என்றார்.

அத்தை பிறந்த ஊர் திருமயம் பக்கம். 1960-களில் அவருக்கு எட்டு, ஒன்பது வயசு. அவருடைய அம்மா ஒரு பெரிய வீட்டில் நெல் குத்தப் போவார். அத்தையும் கூடப் போவார். காலையில் அந்த வீட்டு அடுப்படியில் இருந்து வரும் வாசனைக்காகவே போவாராம். வீட்டு ஆம்பளைகளுக்கு முதல் டிக்காஷன். அவர்கள் குடித்த பிறகு அதே தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றி இறக்குகிற இரண்டாம் டிக்காஷன் அந்த வீட்டுப் பெண்களுக்கு. அதற்கும் பிறகு மிஞ்சிய சக்கையைக் கொதிக்க வைத்து, கொல்லைப்புறத்தில் நிற்கிறவர்களுக்குக் கொட்டாங்கச்சியில் ஊற்றுவார்கள். "கைக்கும் கொட்டாங்கச்சிக்கும் ஒரு சாண் மேல இருந்து ஊத்துவாங்க. சூடு கையில தெறிக்கும். ஆனா அந்த வாசனை இருக்கே..." என்று அத்தை நிறுத்திக்கொண்டார்.

1950-ல் வந்த அரசியல் சட்டமே தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955-ல் அதற்குத் தண்டனை கொடுக்கத் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் கொல்லைப்புறம் வரைக்கும் அது வந்து சேர ரொம்ப நாள் ஆனது. டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை நம்மில் பலபேர் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம்.

அம்மாவின் சைக்கிள்

என் அம்மா வீட்டுக் கதை வேறு. அப்பா சந்தைக்குப் போனால் ஒரு பொட்டலம் காப்பித்தூள் வரும். அது எப்போது அரைத்ததோ, யாருக்கும் தெரியாது. தண்ணீரில் தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டுத் துணியில் வடிகட்டுவார் அம்மா. பால் இல்லாத நாளில் அதுவே வரக்காப்பி. கசப்புத் தெரியாமல் இருக்கக் கருப்பட்டி கூடுதலாக விழும்.

1991-ல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொடுத்ததோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். என் அம்மாவும் ஓட்டினார். அதற்குப் பிறகு காப்பித்தூளுக்கு அப்பாவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. டவுனுக்கு அம்மாவே போய், கொட்டையைக் கண் முன்னால் அரைக்கச் சொல்லி வாங்கி வருவார். பாக்கெட்டில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பார். எங்கள் வீட்டுக் காப்பி ருசி மாறினது அப்போதுதான். அரைத்த தூள் நாளாக ஆக வாசனை இழக்கும். புதுத்தூளை நாமே போய் வாங்க முடிந்ததால் வந்த ருசி அது.

ஜெர்மனியில் ஒரு வீட்டுக்காரம்மா

நூலகப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது மெலிட்டா பென்ட்ஸ் என்ற அம்மாவின் கதை. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் இருந்த குடும்பப் பெண். அவர் வீட்டுக் காப்பியிலும் நம் பழைய காப்பி மாதிரியே அடியில் மண்டி தங்கும், கசக்கும். ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டார். மகனின் பள்ளிக்கூட நோட்டில் இருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்து அதற்குள் வைத்தார். மேலே தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினார். மண்டி இல்லாத காப்பி சொட்டுச் சொட்டாக இறங்கியது.

1908 ஜூன் 20-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதே வருஷம் டிசம்பரில் கம்பெனி பதிவு செய்தார். முதலீடு 73 பென்னிக். நூறு பென்னிக் சேர்ந்தால்தான் அவர்கள் நாட்டில் ஒரு மார்க். வீட்டிலேயே வேலை நடந்தது. கணவரும் கூட நின்றார். பிள்ளைகள் கைவண்டியில் சரக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் லைப்சிக் நகரத்துக் கண்காட்சியில் 1,200-க்கும் மேல் விற்றது. அந்தக் கம்பெனி அவர் பேரிலேயே இன்றைக்கும் நடக்கிறது. சந்தாப் பணத்தில் ஆரம்பித்த நமக்கு இது புதுக்கதையா என்ன!

நம் பில்டருக்குத் தாள் வேண்டாம். மேல் பாத்திரத்தின் அடியில் இருக்கிற பொடி ஓட்டைகளே வடிகட்டிவிடும். ஆனால் இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். தூளைக் கொதிக்க விடாமல், வெந்நீரை மட்டும் அதன் வழியாக மெதுவாக இறக்குவது. தூள் கொதிக்கும்போது வாசனை ஆவியில் போய்விடும், கசப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். அதைத்தான் பில்டர் தடுக்கிறது.

மூன்று டம்ளர்

கல்யாணமாகி வந்த வீட்டில் முதலில் நானும் தூளைக் கொதிக்க வைத்துத்தான் போட்டேன். பிறகு இன்ஸ்டன்ட் தூள் வாங்கினோம். பாக்டரியிலேயே டிக்காஷன் எடுத்து, அதை உலர்த்தித் தூளாக்குவதுதான் இன்ஸ்டன்ட். சுவிட்சர்லாந்தில் 1938-ல் நெஸ்கபே வந்ததில் இருந்து இது உலகமெல்லாம் பரவியது. கரைத்தால் முடிந்தது, சுலபம்தான். அம்மா வீட்டில் இருந்து ஒரு சின்ன எவர்சில்வர் பில்டர் கொண்டுவந்த பிறகு, ஒருநாள் மூன்று விதமாகவும் போட்டு அத்தை முன்னால் வைத்தேன். எது எது என்று சொல்லவில்லை. மூன்றையும் ருசி பார்த்துவிட்டு பில்டர் காப்பியை எடுத்துக்கொண்டார். "இதுதான்டி அந்த வாசனை" என்றார்.

பில்டர் என்றால் வேலை அதிகம் என்று நினைக்க வேண்டாம். கொதிக்க வைக்கிற காப்பிக்குத்தான் பக்கத்திலேயே நிற்க வேண்டும். என் வழி இதுதான்.

தூளை 100 கிராம், 100 கிராமாக வாங்கி, ஈரமில்லாத டப்பாவில் இறுக்கி மூடி வையுங்கள். பில்டருக்கு என்று சொல்லியே அரைக்கச் சொல்லுங்கள். மாவாக அரைத்தால் ஓட்டை அடைக்கும், ரவையாக அரைத்தால் தண்ணீர் உடனே ஓடிவிடும்.

நாலு பேருக்கு மூன்று மேசைக்கரண்டி தூள் குவித்துப் போட்டு, உள்தட்டால் லேசாக அமுக்குங்கள், அழுத்தி அடைக்க வேண்டாம். தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் இறக்கி, அரை நிமிஷம் விட்டு முக்கால் டம்ளர் ஊற்றி மூடுங்கள். நான் ஊற்றி வைத்துவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போடப் போவேன். கால் மணி, இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தால் டிக்காஷன் இறங்கியிருக்கும். சூடான பாலில் கலந்தால் போதும், டிக்காஷனை அடுப்பில் வைக்காதீர்கள். ஓட்டை அடைத்துக்கொண்டால், தூளைக் கொட்டிவிட்டு வெறும் மேல் பாத்திரத்தின் அடியை அடுப்புத் தீயில் கொஞ்ச நேரம் காட்டுங்கள். அடைத்த தூள் கருகி உதிரும்.

சிக்கரி பற்றியும் ஒரு வார்த்தை. அது ஒரு கிழங்கு வேர், காப்பி இல்லை. வறுத்து அரைத்துச் சேர்த்தால் டிக்காஷன் கெட்டியாகவும் கறுப்பாகவும் இறங்கும். அளவாக இருந்தால் தப்பில்லை. கலப்புத் தூளில் குறைந்தது 51 சதவீதம் காப்பி இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்பது சட்டம். அதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். நான் 80 காப்பி, 20 சிக்கரி வாங்குகிறேன்.

கூட்டத்துக் காப்பி

ஊராட்சிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எல்லாத் தெருவில் இருந்தும் வருவோம். எங்கள் குழு முறை வந்த முதல் தடவை நான் காப்பி போட்டுக் கொண்டுபோனேன். முப்பது டம்ளரில் பதினொரு டம்ளர் அப்படியே ஆறிப்போய்த் திரும்பி வந்தது. "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்", "எனக்குக் காப்பி சேராது" என்றார்கள். யாரும் தப்பாக எதுவும் பேசவில்லை. ஆனால் எனக்குப் புரிந்தது. அத்தைக்கும் புரிந்தது.

அடுத்த முறை வந்தபோது போக வேண்டாம் என்று நினைத்தேன். அத்தைதான், "போட்டுக் கொண்டுபோ. குடிக்கிறதும் குடிக்காததும் அவங்க இஷ்டம். போடாம இருக்கிறது நம்ம தப்பாயிரும்" என்றார். போட்டேன். அந்தத் தடவை ஏழு டம்ளர் திரும்பியது. அதற்கு அடுத்த முறை நாலு. ஒருநாள் ஒரு அக்கா டம்ளரைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார். வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு வாய் குடித்தார். "என்ன தூள் இது?" என்று கேட்டார். அன்றைக்கு ஒரு டம்ளரும் மிஞ்சவில்லை. போன வருஷம் கூட்டமைப்புச் செலவில் பெரிய பில்டர் ஒன்று வாங்கினோம். அதைத் தேர்ந்தெடுக்க என்னோடு கடைக்கு வந்தது அந்த அக்காதான்.

ஒரு காப்பியால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாற வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே பில்டர் காப்பியை ஒரே மாதிரி டம்ளரில் குடிக்கிறோம். அத்தை வயசில் இது நடக்கும் என்று அவரே நினைத்ததில்லை.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் முதல் டிக்காஷன் யாருக்குப் போகிறது? வீட்டுக்காரருக்கு, பிள்ளைகளுக்கு, விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, நாம் இரண்டாம் டிக்காஷனில் பாலை ஊற்றிக் குடிக்கிறோம். நானும் பத்து வருஷம் அப்படித்தான் குடித்தேன். இப்போது ஒரு கரண்டி தூள் கூடுதலாகப் போட்டு, வீட்டில் எல்லாருக்கும் முதல் டிக்காஷனிலேயே கலக்கிறேன். முதல் டம்ளர் அத்தைக்கு. இரண்டாவது, போட்டவளான எனக்கு. என் வீட்டுக்காரர் முதல் நாள் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை பில்டரில் தண்ணீர் ஊற்றுவது அவர்தான்.

அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் கட்டாயம் வாருங்கள். காப்பி நம் பில்டரில்தான்.