பரிசுப் பணம் பெறாத வெற்றியாளர்

2012ஆம் ஆண்டு ஒகஸ்ட் 26ஆம் திகதி கனடாவின் வன்கூவர் அருகே, கனேடிய மகளிர் பகிரங்க கொல்ஃப் போட்டி நிறைவுற்றது. முதற்பரிசான 3 இலட்சம் டொலர், இரண்டாமிடம் பெற்ற இன்பி பார்க்குக்கே வழங்கப்பட்டது. வென்றவரோ நியூசிலாந்தின் லிடியா கோ. வயது 15. அவர் அமெச்சூர், அதாவது தொழில்சாரா வீராங்கனை. அத்தகையோர் அப்பணத்தைப் பெற விதிகள் இடமளிக்கவில்லை.

1997இல் தென் கொரியாவில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்துடன் நியூசிலாந்தில் குடியேறியவர் கோ. அதே 2012 ஜனவரியில், 14 வயதில், அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகிரங்கப் போட்டியில் தொழில்முறை வீராங்கனைகளை வென்றார். ஒகஸ்டில் அமெரிக்க மகளிர் அமெச்சூர் பட்டத்தைக் கைப்பற்றினார். அதற்கு இரு வாரங்களின் பின்னரே கனேடிய வெற்றி. அமெரிக்க மகளிர் தொழில்முறைச் சுற்றில் அமெச்சூர் ஒருவர் வென்றது 1969இன் பின்னர் அதுவே முதன்முறை.

பெருந்தொகை கண்முன்னே கைமாறியும் அவர் அவசரப்படவில்லை. 2013இலும் அமெச்சூராகவே கனேடியப் பட்டத்தைத் தக்கவைத்தார். மீண்டும் பணம் பிறருக்கே. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே தொழில்முறை ஆட்டத்தில் இணைந்தார்.

இழந்தது பணம், பெற்றது, தோல்வி பிழைப்பைப் பாதிக்காத வயதில் முதிர்ச்சியடையும் அவகாசம். 2015 பெப்ரவரியில், 17 வயதில் உலகின் முதல்நிலை வீராங்கனையானார். 2024இல் பாரிஸில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அந்தக் காத்திருப்பு வீண்போகவில்லை என்றே கொள்ளவேண்டும்.