மெய்நிகர் இயந்திர வலையமைப்பு முறைகளின் வரலாறு

மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் மற்றொரு கணினி ஆகும். அது வெளியுலகோடு இணையும் விதத்தை வலையமைப்பு முறை தீர்மானிக்கிறது. நாட், பிரிட்ஜ், ஹோஸ்ட் ஒன்லி ஆகிய மூன்றும் பரவலானவை. உள் கணினி எவற்றோடு தொடர்புகொள்ள முடியும் என்பதே இவற்றின் அடிப்படை வேறுபாடு.

தோற்றம்

ஐ.பி.எம். நிறுவனம் 1972 இல் விஎம்/370 ஐ அறிவித்தபோது மெய்நிகர் இயந்திரம் பெருங்கணினிகளுக்கே உரியதாக இருந்தது. 1999 இல் வெளியான விஎம்வேர் மென்பொருள் அதை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அதில் பிரிட்ஜ், ஹோஸ்ட் ஒன்லி ஆகிய இரண்டே இருந்தன. பிரிட்ஜ் முறையில் உள் கணினிக்கும் வலையமைப்பில் தனி முகவரி வேண்டும். வீட்டு இணைப்பில் கிடைத்ததோ பெரும்பாலும் ஒரே முகவரி. முகவரிப் பற்றாக்குறையைச் சமாளிக்க 1994 இல் ஆர்.எஃப்.சி. 1631 ஆவணம் விவரித்த நாட் நுட்பம் பின்னர் இங்கும் கைகொடுத்தது.

பெரம்பலூர், அரியலூர் மாணவர்கள்

பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் தனி மாவட்டமான 2007 இல்தான் விர்ச்சுவல்பாக்ஸ் திறமூல மென்பொருளாக வெளியானது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இவ்விரு மாவட்ட அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும் உரியதாக இருந்தது. ஒரு வழங்கியும் அதை அணுகும் கணினியும் தேவைப்படும் பாடத்தை, ஒரே மடிக்கணினி வைத்திருப்பவர் மெய்நிகர் இயந்திரத்தின் துணையால் பயிலலாம். அதற்குச் சரியான வலையமைப்பு முறை அவசியம்.

தேர்வும் பழுது நீக்கமும்

இணையம் மட்டும் போதுமெனில் நாட் ஏற்றது. விர்ச்சுவல்பாக்ஸில் உள் கணினிக்கு வழக்கமாக 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். போர்ட் ஃபார்வர்டிங் அமைக்காமல் வெளியிலிருந்து அதை அணுக முடியாது.

மற்ற கணினிகளும் அணுக வேண்டுமெனில் பிரிட்ஜ் பொருந்தும். ஆனால் வைஃபையிலும் கைபேசி ஹாட்ஸ்பாட்டிலும் இது தடைபடலாம். பதிவு செய்த கருவிகளை மட்டும் ஏற்கும் கல்லூரி வலையமைப்பும் முகவரி தராது. 169.254 எனத் தொடங்கும் முகவரி தென்பட்டால், முகவரி வழங்கும் டிஎச்சிபி பதிலளிக்கவில்லை என்பது பொருள்.

ஹோஸ்ட் ஒன்லி முறையில் மடிக்கணினியும் உள் கணினியும் தமக்குள் பேசும், இணையம் இராது. இணைய வசதி நிலையாக இல்லாத ஊரிலும் வழங்கிப் பயிற்சி நடக்க இதுவே உதவும். இணையமும் வேண்டுமெனில் நாட் முறையில் இரண்டாவது வலையமைப்பு அட்டையைச் சேர்க்கலாம்.

இணைப்பு கிடைக்காதபோது முதலில் முகவரியையும், அடுத்து நுழைவாயிலையும், கடைசியாக டிஎன்எஸ் அமைப்பையும் சோதிப்பது நல்ல வரிசை.